தொலைக்காட்சியும் ஒரு தலைமுறையின் உலகறிவும்

கண்ணாற் கண்டதனை ஐயுறுவார் சிலரே. ஆயின், கண் எதனைக் காணுதல் வேண்டுமெனப் பிறர் வகுத்தளிக்கும்போது, அக்காட்சியை எத்துணை நம்பலாம் என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவைப் பெரிதும் எதிர்கொண்டோர், இரண்டாம் உலகப்போரின் பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் வளர்ந்த தலைமுறையினராவர். 1950ஆம் ஆண்டில் அந்நாட்டு வீடுகளில் நூற்றுக்கு 9 வீடுகளிலேயே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. 1960இல் அத்தொகை 87 ஆயிற்று. 1963 செப்டெம்பரிற் பெருநிலையங்கள் இரண்டு மாலைச் செய்தியைப் பதினைந்து நிமிடத்திலிருந்து அரைமணி நேரமாக நீட்டின. தம்மூர்ப் பத்திரிகை கூறியதையே நாட்டு நடப்பென நம்பிவந்த குடும்பத்தினர், ஒரே மாலையில் ஒரே காட்சியை நாடெங்குங் காணலாயினர்.

அக்காலத்தே தென் மாநிலங்களிற் கறுப்பின மக்கள் சமவுரிமை வேண்டிப் போராடி வந்தனர். 1963 மே மாதத்திற் பேர்மிங்காம் நகரில் ஊர்வலஞ் சென்ற பள்ளிச் சிறார்மீது தீயணைப்புக் குழாய்களால் நீர் பீய்ச்சப்பட்டது. பொலிஸ் நாய்களும் ஏவப்பட்டன. எல்லாரும் சமமெனப் பாடநூலிற் பயின்ற பிள்ளைகள், தம் வயதொத்தோர் படும் பாட்டை வீட்டிலிருந்தே கண்டனர்.

1965 மார்ச் 7ஆந் திகதி, அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில், ஏறத்தாழ 600 பேர் எட்மண்ட் பெற்றஸ் பாலத்தைக் கடந்து அணிவகுத்துச் சென்றனர். மாநிலப் பொலிசார் தடியால் அடித்துங் கண்ணீர்ப்புகை வீசியும் அவர்களைச் சிதறடித்தனர். ஜோன் லூயிஸ் என்னும் இளைஞரின் மண்டையோடு வெடித்தது. அன்றிரவு ஏ.பி.சி. நிலையம், நாஸி நீதிபதிகள்மீதான விசாரணையைச் சித்திரிக்கும் திரைப்படத்தை இடைநிறுத்தி இக்காட்சியை ஒளிபரப்பிற்று. பிறநாட்டுக் கொடுமையை எண்ணி வருந்திக்கொண்டிருந்தோர் தம் நாட்டுக் கொடுமையை அதே திரையிற் காண நேர்ந்தது. இரண்டு நாளுக்குள் பல மாநிலத்துக் குருமார் செல்மாவை அடைந்தனர். ஓகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டத்திற் சனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்டார். பாலத்துக் காட்சியின்றி இவ்விரைவு கூடியிருக்குமோ என்பது ஐயமே.

எனினும், அவ்வணிவகுப்பு எழுந்ததற்குக் காரணமான நிகழ்ச்சி திரையில் தோன்றவேயில்லை. பெப்ரவரி 18ஆந் திகதி இரவு, செல்மாவுக்கு அண்மையிலுள்ள மரியன் என்னும் சிற்றூரில் ஊர்வலம் புறப்பட்டபோது தெருவிளக்குகள் அணைந்தன. பொலிசாரும் வெள்ளையர் கும்பலும் ஊர்வலத்தினரைத் தாக்கினர். செய்தியாளரும் அடியுண்டனர், படக்கருவிகள் நொறுக்கப்பட்டன. தாயைக் காக்க முயன்ற ஜிமி லீ ஜாக்சன் என்னும் 26 வயதினர் மாநிலப் பொலிஸ்காரர் ஒருவராற் சுடப்பட்டு, எட்டு நாளின் பின் உயிர்நீத்தார். அடித்தோர் தொலைக்காட்சியின் ஆற்றலை நன்குணர்ந்திருந்தனர் போலும்! பாலத்தை அறிந்த கோடிக்கணக்கானோர் மரியன் தெருவை அறிந்திலர்.

படம் கிடைத்தவிடத்தும் அது பார்ப்போரை அடையுமென்பதற்கு உறுதியில்லை. மிசிசிப்பி மாநிலத் தலைநகரின் நிலையமொன்று, கறுப்பினத் தலைவரின் பேச்சு வந்தபோது கம்பிக் கோளாறென அறிவித்துத் திரையை மறைத்தது. பார்வையாளர் தொடுத்த முறைப்பாட்டின் பயனாக 1969இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதன் உரிமத்தை இல்லாததாக்கிற்று.

ஜாக்சனைச் சுட்டவர்மீது 2007இலேயே குற்றஞ்சாட்டப்பட்டது. 2010இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.