வித்துக்கும் நிலத்துக்கும் நடுவே: புற்றுநோய்ப் பரவலில் குருதியின் பங்கு குறித்த ஒரு மறுவாசிப்பு

புற்றுநோய்ப் பரவலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஐசையா ஃபிட்லர் 2003இல் எழுதிய மதிப்பீட்டுக் கட்டுரையின் வரிசையையே பின்பற்றுகிறார்கள். ஸ்டீபன் பேஜட் 1889இல் 'வித்தும் நிலமும்' என்றார்: புற்றுச்செல் வித்து, அது வேரூன்றும் உறுப்பு நிலம். ஜேம்ஸ் யூயிங் 1928இல் இரத்தக்குழாய்களின் அமைப்பே போதிய காரணம் என்று மறுத்தார். பிந்தைய சோதனைகள் பேஜட்டை மெய்ப்பித்தன. பேஜட் வென்றதை நான் மறுக்கவில்லை. இந்த வரிசையில் குருதி வெறும் பாதையாகச் சுருங்கிவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பேஜட் ஆராய்ந்தார். கல்லீரலில் பரவியது 241 பேருக்கு; மண்ணீரலில் 17 பேருக்கு மட்டுமே. உறுப்புகளிடையே வேறுபாடு உண்டு என்பதற்கு இது வலுவான சான்று. வழியில் செல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதை இக்கணக்கு சொல்லாது. ஃபிட்லரின் 1970ஆம் ஆண்டுச் சோதனை அதைச் சொன்னது: எலியின் குருதியில் செலுத்தப்பட்ட புற்றுச்செல்களில் மிகச் சொற்பமானவையே பிழைத்தன. அந்தச் சிலவற்றைக் காத்தது எது? 1973இல் அவரே காட்டினார்: தனிச்செல்களைவிடக் கொத்தாகச் சென்றவை நுரையீரலில் அதிகக் கட்டிகளை உண்டாக்கின. தன் கையிலிருந்த இந்தச் சான்றுக்கு ஃபிட்லர் உரிய இடம் தரவில்லை என்பதே என் வாதம்.

இங்கே 1968ஆம் ஆண்டு ஆய்வொன்றில் சற்று நிற்க வேண்டும். கேப்ரியல் கேசிக்கும் உடன் ஆய்வாளர்களும் எலிகளுக்கு நியூராமினிடேஸ் என்ற நொதியைச் செலுத்தினார்கள். குருதி உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தன. நுரையீரல் கட்டிகளும் குறைந்தன. தட்டணு நிறைந்த பிளாஸ்மாவை ஏற்றியதும் அந்தப் பயன் மறைந்தது. நிலம் அதே நிலம், வித்தும் அதே வித்து. இடையில் மாறியது குருதி மட்டுமே. நியூராமினிடேஸ் செல்லின் மேற்பரப்பிலுள்ள சயாலிக் அமிலம் என்ற சர்க்கரையை வெட்டி நீக்கும் நொதி. தட்டணுக்களின் மேற்பரப்பைத் தவிர வேறெதையும் அது தொட்டிருக்காதா? கட்டிகள் குறைந்ததில் ஒரு பங்கு, புற்றுச்செல்கள் ஒட்ட உதவும் இத்தகைய சர்க்கரைகள் அழிந்ததாலும் வந்திருக்கலாம் என்று கருதுகிறேன். பிளாஸ்மா ஏற்றியதும் நிலைமை திரும்பியது இதற்கு எதிராக நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த விடை அந்தச் சர்க்கரைகளையே சுட்டியது.

அந்த விடையைத் தந்தவர்களில் ஒருவர் அஜித் வார்க்கி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றவர். 1998இல் அவரும் லூபோர் போர்சிக் முதலியோரும் பி-செலக்டின் இல்லாத எலிகளில் மனிதப் பெருங்குடல் புற்றுச்செல்கள் குறைவாகவே பரவுவதைக் காட்டினர். தூண்டப்பட்ட தட்டணுவின் மேற்பரப்பில் எழும் ஒட்டுமூலக்கூறு பி-செலக்டின்; புற்றுச்செல்லின் சயாலிக் அமிலம் கொண்ட மியூசின்களை அது பற்றிக்கொள்கிறது. சுற்றிலும் படியும் தட்டணுக்கள் புற்றுச்செல்லைக் கொல்லும் வெள்ளணுக்களிடமிருந்து மறைக்கின்றன. 2001இல் அதே குழு, குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்து இந்தப் பற்றையும் தடுப்பதைக் காட்டியது. 2019இல் வேறொரு குழு, நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணுக்களும் புற்றுச்செல்லோடு ஒட்டிச் செல்வதையும், அதில் விகேம்-1 என்ற ஒட்டுமூலக்கூறுக்குப் பங்குண்டு என்பதையும் கண்டது.

தட்டணுக்களைப் பற்றிய இந்த வரலாற்றின் தொடக்கம் எது என்பதில் மட்டும் தெளிவில்லை. இரத்த உறைவுகளுக்குள் புற்றுச்செல்கள் இருப்பதை 1878இல் பில்ரோத் கண்டார் என்று எழுதுகிறார்கள். பிட்சோசெரோ தட்டணுவைத் தனி அணுவாக நிறுவியதோ 1882இல். ஆகவே பில்ரோத் கண்டதைத் தட்டணு வரலாற்றின் முதல் ஆண்டாக வைக்க நான் தயங்குகிறேன்.

எலிகளில் தெளிந்தது மனிதரில் அப்படியே நிகழ்ந்துவிடவில்லை. நுரையீரல் புற்று நோயாளிகள் 2,202 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஃபிராக்மாடிக் ஆய்வில் ஹெப்பாரின் வகை மருந்து ஆயுளை நீட்டவில்லை. அதன் முடிவுகள் 2016இல் வெளிவந்தன. நோய் கண்டறியப்படும் வேளையில் செல்கள் ஏற்கெனவே உறுப்புகளில் குடியேறியிருக்கலாம். எலியில் மருந்து தரப்பட்டதோ அவை குருதியில் நுழையும் வேளையை ஒட்டி. இந்த விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது, நிறுவப்படவில்லை. சென்னை பூந்தமல்லி நெடுஞ்சாலை மருத்துவமனைகளுக்கு வரும் வாய்ப்புற்று நோயாளிகளிடம் கேள்வி இன்னும் கடினமாகிறது: அந்நோய் முதலில் பரவுவது கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்கு. தட்டணுக்கள் அரிதான அந்த நிணநீர்ப் பாதையில் செல்லைக் காப்பது எது என்பதற்கு மேற்சொன்ன எலி ஆய்வுகளில் விடை இல்லை.