நியூபோர்ட்டில் கேட்ட சத்தம்

ஒரே கச்சேரிக்குப் போய்வந்த நாலு பேர் நாலு விதமாகப் பேசுவது வழக்கம்தான். ஒருவருக்குக் குரல் பிடித்திருக்கும், இன்னொருவருக்கு மைக் சரியில்லை என்று எரிச்சலாக இருக்கும். ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று விட்டுவிடலாம். ஆனால் கூட்டம் கைதட்டியதா, கத்தி விரட்டியதா என்பதிலேயே நாலு பேரும் நாலு பக்கம் நின்றால் என்ன செய்வது? 1965 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை இரவு, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நடந்த நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பாப் டிலன் மின்கிதாரோடு மேடையேறினார். அப்போது கூட்டத்திலிருந்து என்ன சத்தம் வந்தது என்று அறுபது வருஷமாகச் சண்டை நடக்கிறது.

அந்த இரவைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் சில வருஷங்களாகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். நினைவுக்குறிப்புகள், பிற்கால நேர்காணல்கள், படமாக எடுத்து வைத்த காட்சிகள். மேடையில் நின்றவரைவிட, கீழே உட்கார்ந்திருந்தவர்கள் மேல்தான் எனக்கு ஆர்வம். வரலாறு அவர்களை ஒரே வரியில் முடித்துவிட்டது: மேதையைப் புரிந்துகொள்ளாமல் கூச்சல் போட்ட பழமைவாதிகள். அந்த வரி எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்கலாம்.

முதலில், அவர்கள் எந்த மாதிரி இடத்துக்கு வந்திருந்தார்கள் என்பது முக்கியம். ஜார்ஜ் வீன் 1954 முதல் நியூபோர்ட்டில் ஜாஸ் விழா நடத்திவந்தவர். 1959இல் நாட்டார் இசைக்கும் ஒரு விழா தொடங்கினார். 1961, 1962 இரண்டு வருஷமும் விழா நடக்கவில்லை. 1963இல் பீட் சீகர் போன்றவர்களின் முயற்சியால் லாபநோக்கமில்லாத அமைப்பாக அது மறுபடி பிறந்தது. அப்போது ஒரு விதி வைத்தார்கள். யார் பாடினாலும் 50 டாலர். அதோடு பயணம், தங்கல், சாப்பாட்டுச் செலவு. அவ்வளவுதான். தட்டுகள் லட்சக்கணக்கில் விற்கும் ஜோன் பயஸுக்கும் 50 டாலர், மிஸிஸிப்பியிலிருந்து வந்த ஜான் ஹர்ட்டுக்கும் 50 டாலர்.

இந்த ஜான் ஹர்ட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1928இல் சில பாடல்களைப் பதிவு செய்துவிட்டு, தட்டு விற்காமல், ஊர் திரும்பி விவசாய வேலை பார்த்தவர். அவருடைய பாட்டு ஒன்றில் ‘அவலான்’ என்று ஊர்ப்பெயர் வரும். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு 1963இல் இசை ஆர்வலர் ஒருவர் அந்த ஊருக்கே போனார். ஹர்ட் அங்கேதான் இருந்தார். அதே வருஷம், எழுபது வயதில், நியூபோர்ட்டில் பாடினார். பகல் நேரத்தில் விழாவில் ‘பட்டறைகள்’ நடக்கும். சின்ன மேடை, பாடகரும் கேட்பவரும் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும் தூரம். வந்தவர்களில் நிறையப் பேர் தாங்களே கிதாரோ பாஞ்சோவோ வாசிப்பவர்கள். அந்த விரல் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் வருவார்கள். கேட்பவரும் பாடுபவரும் ஒரே ஜாதி என்ற நினைப்பு அந்த மைதானத்தில் உண்மையாகவே இருந்தது.

அரசியலும் இருந்தது. 1963 ஜூலைத் தொடக்கத்தில் சீகரும் டிலனும் தியோடர் பிக்கலும் மிஸிஸிப்பியின் கிரீன்வுட் பக்கம் போய், கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதியவைக்கும் இயக்கத்துக்காகப் பண்ணை நிலத்தில் நின்று பாடினார்கள். அதே மாதக் கடைசியில் நியூபோர்ட் மேடையில் டிலன், பயஸ், சீகர், பீட்டர் பால் அண்ட் மேரி, ‘ஃப்ரீடம் சிங்கர்ஸ்’ குழு எல்லோரும் வரிசையாக நின்று ‘வீ ஷல் ஓவர்கம்’ பாடினார்கள். ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 28 அன்று, வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே நாளில் டிலனும் பயஸும் பாடினார்கள். மைதானத்தில் உட்கார்ந்திருந்த இருபது வயதுக்காரருக்கு இந்தப் பாட்டும் அந்தப் போராட்டமும் வேறு வேறு அல்ல.

இனி 1965. டிலன் திடீரென்று மின்கிதாரை எடுத்து எல்லோரையும் திகைக்க வைத்தார் என்று சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. அந்த மார்ச்சிலேயே வெளியான ‘பிரிங்கிங் இட் ஆல் பேக் ஹோம்’ தட்டின் ஒரு பக்கம் முழுக்க மின்வாத்தியங்களோடுதான் இருந்தது. ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ விழாவுக்குச் சில நாள் முன்புதான், ஜூலை 20 அன்று வெளிவந்திருந்தது. அது மட்டுமில்லை. அதே வார இறுதியில் பால் பட்டர்ஃபீல்டின் ப்ளூஸ் குழு அதே விழாவில் மின்வாத்தியங்களோடு வாசித்தது. அவர்களை அறிமுகப்படுத்திய ஆலன் லோமாக்ஸ் கொஞ்சம் குத்தலாகப் பேசிவிட்டார். டிலனின் மேலாளர் ஆல்பர்ட் கிராஸ்மன் அவரிடம் சண்டைக்குப் போனார். இரண்டு கனத்த உடம்புக்காரர்கள், இருவரும் பேர்பெற்றவர்கள், புழுதியில் கட்டிப் புரண்டார்கள். விழாக் குழுவுக்குள் புகைச்சல் இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் மின்வாத்தியம் என்றாலே கூட்டம் எழுந்து கத்தியிருக்கும் என்பதற்கு இது சாட்சியில்லை.

ஞாயிறு இரவு நிகழ்ச்சியைச் சீகர் தொடங்கிவைத்தார். பிறந்த குழந்தை ஒன்றின் அழுகையைப் பதிவிலிருந்து போட்டுக் காட்டி, இது எப்படிப்பட்ட உலகத்தில் வளரப்போகிறது என்று அதற்குப் பாடிச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நாட்டுப்புற பாஞ்சோக் கலைஞரான ‘கசின் எம்மி’ கலகலப்பாக வாசித்து முடித்தார். அடுத்து டிலன். தோல் மேற்சட்டை, கையில் மின்கிதார். பட்டர்ஃபீல்ட் குழுவிலிருந்து மைக் ப்ளூம்ஃபீல்டும் இன்னும் இருவரும், ஆர்கனில் ஆல் கூப்பர். முந்தின இரவு மட்டும் ஒத்திகை பார்த்த குழு. ‘மேகீஸ் ஃபார்ம்’, ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’, இன்னொரு பாட்டு. கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இறங்கிப் போய்விட்டார்கள்.

15,000 பேர் இருந்த மைதானம் இரைந்தது. என்ன இரைச்சல்?

இங்கேதான் சாட்சிகள் பிரிகிறார்கள். மின்கிதார் ஒலித்ததிலிருந்தே எதிர்ப்பு கிளம்பியது என்பது ஒரு கட்சி. ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் ராபர்ட் ஷெல்டன் பிற்பாடு எழுதிய டிலன் வாழ்க்கை வரலாறு இந்தப் பக்கம். மேடையிலேயே வாசித்த கூப்பர் வேறு சொல்கிறார்: மற்றவர்கள் நிறைய நேரம் பாடிய இடத்தில் கூட்டம் யாருக்காகக் காத்திருந்ததோ அவர் மூணு பாட்டோடு போனால் கத்தாமல் என்ன செய்வார்கள் என்பது அவர் கட்சி. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் புரூஸ் ஜாக்சன் விழாக் குழுவிலேயே இருந்தவர். அவர் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, கூச்சலில் பெரும்பகுதி டிலனை நோக்கியதே இல்லை, அடுத்து வந்து சமாதானம் பேசிய பீட்டர் யாரோவை நோக்கியது என்று வாதாடினார். அன்று ஒலி அமைப்பைக் கவனித்த ஜோ பாய்ட் சொல்வது இன்னும் வேடிக்கை. ‘மோர்’ என்று கூட்டமாகக் கத்தினாலும் ‘பூ’ என்று கத்தினாலும் மேடைப் பக்கம் நிற்பவருக்கு ஒரே மாதிரிதான் கேட்குமாம்.

நம் ஊரில் பிடிக்கவில்லை என்றால் ஊளையிடுவோம், விசிலடித்தே ஆளை இறக்குவோம். ‘பூ’ சொல்வது அவர்கள் வழக்கம். மோரும் பூவும் நமக்கு மங்கலமான சாமான்கள்; அங்கே ஒரு பாடகரின் வாழ்க்கைக்கதை அந்த இரண்டு சத்தங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது.

சரி, யார் சொல்றது நிஜம்? ஒலிப்பதிவு இருக்கிறதே, அதைப் போட்டுக் கேட்டால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. மேடை மைக் பாடுபவரின் வாயைப் பார்த்து வைக்கப்பட்டது. அதில் விழுவது முன்வரிசைக்காரர்களின் சத்தம். இருநூறு அடி தள்ளி உட்கார்ந்தவரின் முணுமுணுப்பு அதில் ஏறாது. மர்ரே லெர்னர் 1963 முதல் அந்த விழாவைப் படமெடுத்தவர். 2007இல் அவர் தொகுத்து வெளியிட்ட ‘தி அதர் சைட் ஆஃப் தி மிரர்’ படத்தில் அந்த இரவைப் பார்க்கலாம். கைதட்டலும் கேட்கிறது, எதிர்ப்பும் கேட்கிறது. எது எத்தனை பங்கு என்று எத்தனை முறை கேட்டாலும் என்னால் அளந்து சொல்ல முடியவில்லை.

உட்கார்ந்த இடமும் ஒரு காரணம். மின்கிதாரின் ஒலிபெருக்கி மேடையிலேயே இருக்கும். பாடகரின் குரல் மைதானத்து ஒலிபெருக்கி வழியாக வரும். மேடைக்குப் பக்கத்தில் இருப்பவர் காதில் முதலில் அறைவது கிதாரும் டிரம்மும்தான். குரல் அதற்கடியில் அமுங்கிவிடும். பின்னால் இருப்பவருக்கு வேறு கலவை. ஒரே பாட்டை இரண்டு பேர் இரண்டு பாட்டாகக் கேட்டிருக்கிறார்கள், சொல்லப்போனால்.

சீகரின் கோபத்துக்கும் இதுதான் வேர். கோடாலியால் கேபிளை வெட்டப் பாய்ந்தார் என்பது இன்று புராணமாகிவிட்டது. கோடாலி இருந்திருந்தால் வெட்டியிருப்பேன் என்று சொன்னதை அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். மின்வாத்தியத்தின் மேல் கோபமில்லை, பாட்டின் சொல் ஒன்றுகூடப் புரியவில்லை என்பதுதான் கோபம் என்று விளக்கினார். ஒலியைக் குறைக்கச் சொல்லி மேடைக்குப் பின்னாலிருந்து தூது போனதை பாய்டும் எழுதியிருக்கிறார். ஒலிப்பலகையில் இருந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். சொல்லுக்காகவே ஒரு பாடகரை நேசித்த கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சொல் கேட்கவில்லை என்றால், அந்த ஆத்திரத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று, பின்னால் வந்த கதை முன்னால் நடந்ததைத் திருத்திவிடும். ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் டிலன் பாடினார். அங்கே சந்தேகத்துக்கே இடமில்லாமல் கத்தினார்கள். நியூபோர்ட் சேதியைக் கேள்விப்பட்டு, கத்துவதற்குத் தயாராகவே சிலர் வந்திருப்பார்கள் என்பது என் ஊகம். 1966 மே 17 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒருவர் ‘யூதாஸ்!’ என்று கத்தியது பதிவில் கணீரென்று இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எடுத்தது என்ற பெயரோடுதான் பல காலம் திருட்டுத் தட்டாக உலாவியது. 1998இல் முறைப்படி வெளியான பிறகு, கத்தியது நான்தான் என்று ஒருவருக்கு இருவர் உரிமை கோரினார்கள். தெளிவான பதிவு இருக்கும்போதே ஊரும் மாறுகிறது, ஆளும் மாறுகிறார். நியூபோர்ட்டின் மங்கலான இரைச்சல் எம்மாத்திரம்?

நான் படித்த நினைவுகளில் ஒன்றைக் கவனித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் கத்தினார்கள் என்று சொல்பவர்கள் நிறைய. நானும் கத்தினேன் என்பவர்கள் மிகக் குறைவு. டிலன் ஜெயித்துவிட்டார், நோபல் பரிசே வாங்கிவிட்டார். தோற்ற பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று யார் சொல்வார்கள்? அதனால்தான் உடனடியாக எழுதப்பட்டவற்றுக்கு மதிப்பு அதிகம். அந்த வருஷக் கடைசியில் ‘சிங் அவுட்!’ இதழில் ஆசிரியர் இர்வின் சில்பர் ஒரு பக்கமும் பால் நெல்சன் மறுபக்கமும் நின்று எழுதினார்கள். சீகரா டிலனா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய இரவாக நெல்சன் அதைப் பார்த்தார், டிலனைத் தேர்ந்தெடுத்தார். இருவருக்கும் நடுவில் ஒன்று பொது: ஏதோ பெரியதாகக் கைநழுவுகிறது என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

கைநழுவியது நிஜம். விழா முடிந்து மூன்றாம் நாள், ஜூலை 28 அன்று, அதிபர் ஜான்சன் வியட்நாமில் அமெரிக்கப் படையை 75,000 பேரிலிருந்து 1,25,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். அந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்த பையன்கள் ராணுவத்துக்கு இழுக்கப்படும் வயதுக்காரர்கள். தங்களுக்காகப் பேசுவார் என்று நம்பியவர், எல்லோரும் சேர்ந்து பாட முடியாத பாட்டோடு வந்து நின்றார். பாட்டு உயர்ந்த பாட்டுத்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. சேர்ந்து பாடும் பழக்கம் முடிந்துபோனதை அன்றைக்கே உணர்ந்து சிலர் கத்தியிருந்தால், அவர்கள் காதும் நல்ல காதுதான்.

அந்த இரவின் இன்னொரு காட்சியை யாரும் மறுப்பதில்லை, படத்திலும் இருக்கிறது. யாரோவின் அழைப்புக்குப் பிறகு டிலன் சாதாரணக் கிதாரோடு தனியாகத் திரும்பி வந்தார். ஒரு பாட்டு பாடினார். அடுத்ததற்கு ‘ஈ’ சுருதி ஹார்மோனிகா இல்லை. யாரிடமாவது இருக்கிறதா என்று கூட்டத்தைக் கேட்டார். இருட்டிலிருந்து ஹார்மோனிகாக்கள் வந்து மேடையில் டப் டப்பென்று விழுந்தன. இன்று எந்த நட்சத்திரம் கேட்டாலும் நம் கையிலிருந்து செல்போன் வெளிச்சம்தான் போகும். அவர்கள் சட்டைப்பையில் ஹார்மோனிகா இருந்தது, சரியான சுருதியில். அதில் ஒன்றை எடுத்து வாசித்து ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பாடினார்.

அதன்பின் 37 வருஷம் டிலன் அந்த விழாப் பக்கம் வரவில்லை. 2002இல் வந்தார், தலையில் டோப்பா, முகத்தில் ஒட்டுத்தாடி. ஏன் அந்த வேஷம் என்று மேடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்திருந்தவர்கள் அதைப் பற்றி இன்னும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.