கோலியாத்தைக் கொன்றது யார்?

இதென்ன கேள்வி, தாவீதுதான் என்பீர்கள். 1 சாமுவேல் 17 அதைத்தான் சொல்கிறது. ஆனால் 2 சாமுவேல் 21:19-இன் எபிரேய மூலத்தில் வேறு கதை இருக்கிறது. பெத்லகேம்காரனான எல்க்கானான், காத் ஊர் கோலியாத்தைக் கொன்றான். ஈட்டியின் தண்டு நெசவுத்தறியின் படைமரம் மாதிரி இருந்ததாம். 1 சாமுவேலிலும் அதே ஊர், அதே பெயர், அதே ஈட்டி!

இது நாத்திகர்கள் இன்று கண்டுபிடித்த சிக்கல் இல்லை. பைபிளுக்குள்ளேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. சாமுவேல் நூலை ஆதாரமாகக் கொண்டு பிற்காலத்தில் எழுதப்பட்டது நாளாகமம். அதில் (1 நாளாகமம் 20:5) எல்க்கானான் கொல்வது கோலியாத்தின் தம்பியோ அண்ணனோ, 'லாகேமி' என்ற ஒரு சகோதரனை. எபிரேயத்தில் பெத்லகேம்காரன் என்பது 'பேத் ஹல்லஹ்மி'. அதன் வாலை வெட்டினால் 'லஹ்மி'. புது ஆள் எங்கிருந்து வந்தார் என்று புரிகிறதா?

மறுதரப்பும் சும்மா இல்லை. நாளாகமம்தான் சரி, சாமுவேல் பிரதியில்தான் பிழை என்கிறார்கள். அதற்கும் ஒரு தடயம் உண்டு. சாமுவேல் வசனத்தில் எல்க்கானானின் அப்பா பெயரோடு 'ஓரெகிம்', அதாவது 'நெசவாளர்கள்', என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வசனத்தின் கடைசியில் வரும் அதே சொல்லைப் பிரதி எடுத்தவர் கைதவறி மேலேயும் எழுதியிருக்கலாம்.

ஆய்வாளர்களில் பலர் சொல்வது இன்னொன்று: எல்க்கானானின் வெற்றி பிறகு ராஜாவான தாவீதின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. 1 சாமுவேல் 17-இல் கோலியாத் என்ற பெயர் இரண்டே இடத்தில்தான் வருகிறது. மற்ற இடமெல்லாம் 'பெலிஸ்தியன்'தான்.

அரமேய மொழிபெயர்ப்பான தர்கூம் எல்க்கானானையே தாவீதாக்கிவிட்டது. 1611-இன் கிங் ஜேம்ஸ் பதிப்பு சாமுவேல் வசனத்தில் 'சகோதரனை' என்ற பொருள்பட ஒட்டுப் போட்டது. ஆனால் மூலத்தில் இல்லாதது என்று தெரியும்படி அந்தச் சொற்களை வேறு எழுத்துருவில் அச்சடித்தது. நம்ம துறை பாஷையில், கமென்ட் போட்ட பேட்ச்!

எனக்கு நாளாகமக்காரர் சமரசம் செய்தார் என்பதே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் பெரிய விஷயம் அதுவல்ல. மாபெரும் ராஜாவின் புகழுக்கே இடிக்கிற வசனம் அது. ஒரே ஒரு வரியை அழித்திருந்தால் பிரச்சினை முடிந்திருக்கும். சாமுவேலைப் பரம்பரை பரம்பரையாகக் கையால் எழுதி வைத்தவர்கள் அதைச் செய்யவில்லை. முரண்பாடு இருப்பதால் பைபிளே பொய் என்பவர்களும், முரண்பாடே இல்லை என்று சாதிப்பவர்களும் இந்த மனிதர்களைக் கவனிப்பதில்லை.

வீட்டில் தமிழ் பைபிள் இருந்தால் 2 சாமுவேல் 21:19-ஐ எடுத்துப் பாருங்கள். அதில் 'சகோதரன்' இருக்கிறானா?