மின்கத்தி பிறந்த கதை



கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் இன்று செம்பனையே மிகுதி. ஆயினும் பால்மரம் வெட்டிப் பழகிய கைகள் நம் வீடுகளில் இன்னும் உண்டு. உளி பட்டதும் பால் வடியும். சில மணி நேரத்தில் தானே உறைந்து நின்றுவிடும். நம் உடலில் படும் சிறு காயமும் அப்படித்தான் ஆறுகிறது. ஆனால் தலையைத் திறந்து கட்டியை அறுக்கும்போது, இரத்தம் தானே உறையட்டும் என்று காத்திருக்க முடியாது. அதற்குள் உயிர் போய்விடும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹார்வி குஷிங் என்னும் அறுவை மருத்துவர் இந்தத் தொல்லையோடு பல்லாண்டு போராடினார். இரத்தக் குழாய்களைக் கவ்விப் பிடிக்க 1911-இல் சிறு வெள்ளிக் கவ்விகளைக் கொண்டுவந்தார். அவற்றுக்கும் அடங்காத கட்டிகள் இருந்தன.

அவருக்குக் கைகொடுத்தவர் வில்லியம் போவி. இவர் மருத்துவர் அல்லர். செடிகொடிகளின் உடலியலை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். மின்சாரத்தால் அறுக்கும் கருவி ஒன்றை இவர் அமைத்தார்.

மின்சாரம் ஆளைத் தாக்காதா என்று கேட்பீர்கள். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருவது. அது தசையைச் சுண்டி இழுக்கும். நொடிக்குப் பல இலட்சம் முறை போய்வரும் மின்சாரமோ தசையை இழுப்பதில்லை, சூட்டையே உண்டாக்கும். கருவியின் முனை சிறியது. ஆகவே சூடு அங்கே குவிகிறது. தொடர்ந்து பாய்ந்தால் தசை அறுபடும். விட்டுவிட்டுப் பாய்ந்தால் இரத்தக் குழாய் உறைந்து அடைபடும். பிறகு மின்சாரம், நோயாளியின் உடலோடு ஒட்டிய அகன்ற தகட்டின் வழியே வெளியேறும். அகலமானதால் அவ்விடம் சுடுவதில்லை.

1926 அக்டோபர் 1-ஆம் நாள் சோதனை வந்தது. இரத்தப் பெருக்கால் சில நாள் முன்பு பாதியில் நிறுத்திய அறுவையை, போவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குஷிங் மீண்டும் தொடங்கினார். அதிக இரத்தம் சிந்தாமலே கட்டி வெளியே வந்தது.

இடையூறுகளும் இல்லாமல் இல்லை. மயக்கம் தரும் ஈதர் ஆவியில் மின்பொறி பட்டுத் தீப்பிடித்தது. ஒருமுறை உலோகக் கருவி வழியே அறுவை செய்தவரின் கையிலேயே மின்சாரம் தாக்கியது. இவற்றையும் மறைக்காமல் 1928-இல் இருவரும் எழுதி வெளியிட்டார்கள். பின்வந்தவர்கள் எச்சரிக்கையாக இருக்க அது உதவிற்று. கருவியின் உரிமையைப் போவி ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார் என்பர். 1958-இல் அவர் மறைந்தார்.

இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் இக்கருவி உண்டு. அறுவைக்கு முன் தாலியையும் மெட்டியையும் கழற்றச் சொன்னால் தாய்மார்கள் மனம் கலங்க வேண்டாம். உலோகம் பட்ட இடத்தில் மின்சாரம் வழிமாறித் தோலைச் சுடக்கூடும் என்பதே காரணம். இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவியோ, உடம்புக்குள் இரும்புத் தகடோ வைத்திருப்பவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.