குடுவை, செதில், நீல இலை: நம் காட்டு உயிர்கள் பிழைக்கும் விதம்

உணவு, பாதுகாப்பு, ஒளி ஆகிய மூன்றும் எல்லா இடங்களிலும் தாராளமாகக் கிடைப்பதில்லை. பற்றாக்குறையான இடத்தில், பிழைக்க உதவும் சிறு வேறுபாட்டோடு பிறந்த உயிர்கள் அதிகம் பெருகுகின்றன. பல்லாயிரம் தலைமுறைகள் கடந்தபின் அந்த வேறுபாடே அவ்வினத்தின் இயல்பாகிவிடுகிறது. இதைத்தான் தகவமைப்பு என்கிறோம். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள் மூன்று நம் வட்டாரக் காடுகளிலேயே உள்ளன.

உணவு: குடுவைச் செடி

மலாயில் ‘பெரியுக் கெரா’, அதாவது குரங்குப் பானை எனப்படும் குடுவைச் செடி, சத்துக் குறைந்த மண்ணில் வளர்கிறது. நைட்ரஜனும் பாஸ்பரசும் அந்த மண்ணில் போதிய அளவு கிடைப்பதில்லை. அதனால் இலையின் நுனி கொடிபோல் நீண்டு, முனையில் குடுவையாகிறது. தேன் சுவைக்க வரும் எறும்பும் பூச்சியும் ஈரமான விளிம்பில் வழுக்கி உள்ளே விழுகின்றன. குடுவையில் உள்ள செரிமான நீர் அவற்றைக் கரைக்கிறது.

சபாவின் கினபாலு மலையில் வளரும் நெப்பெந்திஸ் லோவி எனும் இனம் வேறு வழியைக் கண்டுள்ளது. பூச்சிகள் குறைந்த அந்த உயரத்தில், முதிர்ந்த செடியின் குடுவை பெரும்பாலும் பூச்சி பிடிப்பதில்லை. அணில்போல் தோன்றும் மர மூஞ்சூறு, மூடியில் ஊறும் சாற்றை நக்கக் குடுவைமேல் அமர்கிறது. அப்போது அது இடும் எச்சம் குடுவைக்குள் விழுகிறது. செடிக்கு அதுவே உரம். இலைகளில் உள்ள நைட்ரஜனில் 57 முதல் 100 விழுக்காடு வரை இந்த எச்சத்திலிருந்தே கிடைப்பதாக 2009-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

பாதுகாப்பு: அழுங்கு

எறும்புத்தின்னி என்று நாம் சொல்லும் அழுங்குக்குப் பற்களே இல்லை. கூரிய நகத்தால் புற்றைக் கிளறி, பசையுள்ள நீண்ட நாக்கால் எறும்பையும் கறையானையும் ஒற்றி எடுக்கிறது. அதன் உடலைப் போர்த்தியுள்ள செதில்கள், நம் நகத்தில் உள்ள அதே கெரட்டினால் ஆனவை. ஆபத்து நெருங்கினால் ஓடாமல், வயிற்றையும் முகத்தையும் உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘பாங்கோலின்’ என்ற பெயரே, ‘சுருள்வது’ எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

பெரிய வேட்டை விலங்கின் பல்லையும் தடுக்கும் இந்த உத்தி, மனிதனிடம் மட்டும் தோற்றுப்போகிறது. சுருண்டு கிடப்பதை அப்படியே கையால் தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்ளலாம். செதிலுக்கும் இறைச்சிக்கும் கள்ளச்சந்தையில் தேவை இருப்பதால், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் சுண்டா அழுங்கு இன்று அழிவின் விளிம்பில் உள்ளது. 2017 முதல் அழுங்கினங்கள் எட்டுக்கும் அனைத்துலக வணிகத் தடை நடப்பில் இருக்கிறது. பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரே குட்டிதான் என்பதால், இழந்த எண்ணிக்கையை ஈடுகட்ட நெடுங்காலம் ஆகும்.

ஒளி: நீல இலை பெகோனியா

அடர்ந்த மழைக்காட்டின் தரையை எட்டுவது வெயிலில் ஏறத்தாழ 1 அல்லது 2 விழுக்காடுதான். நீலம், சிவப்பு ஒளியின் பெரும்பகுதியை மேலே உள்ள மரங்களே எடுத்துக்கொள்கின்றன. எஞ்சி வரும் ஒளியில் பச்சையே மிகுதி. தீபகற்ப மலேசியாவின் மலைக்காடுகளில் வளரும் பெகோனியா பவோனினா இந்த மிச்சத்தில் வாழப் பழகிய செடி. அதன் இலையைச் சரியான கோணத்தில் பார்த்தால் மயில்கழுத்து நீலம் மின்னும்.

அந்த நீலம் சாயம் அல்ல. ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுறுப்புகளில் மென்படலங்கள் சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால் தோன்றுவது. அந்த அடுக்கு நீல ஒளியைத் திருப்பி அனுப்பி, பச்சை ஒளியைக் கூடுதலாக உள்வாங்க உதவுகிறது. மங்கிய ஒளியில் இதனால் ஒளிச்சேர்க்கைத் திறன் 5 முதல் 10 விழுக்காடு உயர்வதாக 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. மேலே உள்ள மரங்களை வெட்டினால் செடிக்கு வெளிச்சம் கூடும். ஆனால் உச்சி வெயிலுக்காக அமைந்த செடி அல்ல இது.

இடம் மாறினால் பயனில்லை

தகவமைப்பு என்பது ஓர் இடத்துக்கும் அங்குள்ள எதிரிக்கும் பொருந்திய விடை. இடம் மாறினால் அந்த விடையும் பொருந்தாது. குடுவைச் செடிக்கு அளவுக்கு மீறி உரமிட்டால், அது குடுவை விடுவதையே குறைத்துக்கொள்ளும். ஆகவே மலைப்பகுதிகளுக்குச் செல்வோர் காட்டுச் செடிகளைப் பிடுங்கி வர வேண்டாம். வளர்க்க விரும்பினால், நாற்றங்காலில் பெருக்கிய செடிகளை வாங்கலாம். இரவில் காட்டோரச் சாலைகளில் வாகனத்தை மெதுவாக ஓட்டுங்கள். அழுங்கைக் கண்டால் தொடாமல், தீபகற்ப மலேசியாவில் பெர்ஹிலித்தானுக்கும் சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்துக்கும் தெரிவியுங்கள்.