பொட்டு வெடி

பொட்டு வெடி என்பது பொம்மைத் துப்பாக்கியில் வைத்து வெடிக்கப்படும் காகித வெடியாகும். இது ‘கேப்’ என்றும் அழைக்கப்படுகிறது. இரு தாள்களுக்கு இடையே மருந்து சிறு பொட்டாக அமைந்திருக்கும். இதற்குத் திரி தேவையில்லை, அடிபட்டாலே வெடிக்கும்.

அடியால் தீமூட்டும் முறை படைக்கருவிகளிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித் 1807இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரும் இதே தத்துவத்தில் இயங்குகிறது.

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலே முதலில் வேரூன்றியது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்று வந்தனர். பட்டாசுத் தொழில் அதன்பின் வளர்ந்தது.

குளோரேட்டும் கந்தகமும் கலந்த மருந்து, சிறு உராய்விலும் தீப்பற்றக்கூடியது. எனவே இந்திய அரசு 1992 ஜனவரி 27ஆம் நாள் அறிவிக்கையின் மூலம் அக்கலவையைத் தயாரிக்கவும், வைத்திருக்கவும், இறக்குமதி செய்யவும் தடை விதித்தது. அறிவியல் பயன்பாட்டுக்கான சிறு அளவு, தீக்குச்சித் தலை, பொம்மைத் துப்பாக்கிக்கான காகிதப் பொட்டு ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது.

ஒரு பொட்டில் உள்ள மருந்து மிகச் சிறிது. அதனால் அது விளையாட்டுப் பொருளாகிறது. ஆனால் பொட்டுகளாகப் பிரிக்கப்படும் முன் அம்மருந்து ஆலையில் மொத்தமாகவே இருக்கிறது. குழந்தையின் கையில் வெறும் ஓசையாக முடிவது, தொழிலாளியின் கையில் உயிருக்கே ஆபத்தாகிறது.