ஒரே மவுத்வாஷ் புட்டியைப் பலர் பயன்படுத்தலாமா? கவனிக்க வேண்டியவை என்ன?

குடும்பத்தினர் அனைவரும் ஒரே பற்பசையைப் பயன்படுத்துவது இந்திய வீடுகளில் இயல்பான நடைமுறையாகும். அதே வழக்கத்தில், மவுத்வாஷ் எனப்படும் வாய் கொப்பளிக்கும் திரவமும் வீடுகளிலும் மாணவர் விடுதிகளிலும் ஒரே புட்டியிலிருந்து பகிர்ந்துகொள்ளப்படுகிறது. தனித்தனிக் குவளைகளில் ஊற்றிக்கொண்டால் திரவத்தைப் பகிர்வதில் பெரிய தீங்கு இல்லை. ஆனால், வாய் பட்ட புட்டியையும் மூடியையும் பகிர்வது தவிர்க்கப்பட வேண்டியதாகும்.

மூடியில் சேரும் எச்சில்

பெரும்பாலான புட்டிகளில் மூடியே அளவுக் குவளையாகவும் அமைந்துள்ளது. அதை உதட்டில் வைத்துக் கவிழ்த்த பின் கழுவாமல் மூடினால், உட்புறத்தில் ஒட்டியுள்ள எச்சில் கலந்த துளிகள் புட்டிக்குள் இறங்குகின்றன. மீதமான திரவத்தை மீண்டும் புட்டியில் ஊற்றினாலும் இதுவே நிகழ்கிறது.

வாய் பட்டதைப் பகிரக் கூடாது என்ற எண்ணத்துக்கு நாட்டின் பல மொழிகளில் தனிச் சொல்லே உண்டு. தமிழில் எச்சில், தெலுங்கில் எங்கிலி, கன்னடத்தில் எஞ்சலு, இந்தியில் ஜூட்டா. ஆயினும், தண்ணீரை அண்ணாந்து குடிக்கும் வழக்கமுள்ளவர்கள்கூட மவுத்வாஷ் மூடியை வாயில் வைத்துவிடுகின்றனர். கிருமிகளைக் கொல்லும் திரவம் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம்.

அந்த நம்பிக்கை சரியா?

கைகளைத் தூய்மைப்படுத்தும் கிருமிநாசினியில் குறைந்தது 60 சதவீத ஆல்கஹால் இருக்க வேண்டும் எனப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ்களில் பொதுவாக அதன் அளவு 27 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. தைமால், மென்தால், யூகலிப்டால் போன்ற பொருள்களைக் கரைப்பதே அதன் முதன்மைப் பணி. ஆல்கஹால் அறவே இல்லாத வகைகளும் விற்பனையில் உள்ளன. இத்திரவங்கள் வாயிலுள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கையைக் குறைக்கின்றனவே தவிர, எல்லாக் கிருமிகளையும் முற்றாக அழிப்பதில்லை.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1998-ஆம் ஆண்டு, ஆல்கஹால் இல்லாத ஒரு மவுத்வாஷில் பர்க்ஹோல்டேரியா செபாசியா என்ற பாக்டீரியா கலந்திருந்ததால் மருத்துவமனை நோயாளிகளுக்குத் தொற்று ஏற்பட்டது. தயாரிப்பின்போதே நேர்ந்த மாசு அது, பகிர்வதால் ஏற்பட்டதன்று. எனினும், இத்தகைய திரவத்திலும் கிருமி உயிர்வாழக் கூடும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

எது பரவும், எது பரவாது?

சளி, காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ்கள் எச்சில் பட்ட பொருள்கள் வழியாகவும் பரவக் கூடும். உதட்டில் கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்பிஸ் தொற்று உள்ளவர்கள், அறிகுறிகள் இருக்கும்போது எச்சில் பட்ட பொருள்களைப் பகிரக் கூடாது என உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது. பற்சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியா, பெரியவர்களின் எச்சில் வழியாகக் குழந்தைகளைச் சென்றடைகிறது.

அதேவேளையில், தேவையற்ற அச்சமும் கூடாது. எச்ஐவி எச்சில் வழியாகப் பரவுவதில்லை. காசநோய் காற்றின் வழியாகப் பரவுகிறதே தவிர, பாத்திரங்களையோ புட்டிகளையோ பகிர்வதால் பரவுவதில்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் உள்ளார். நோயுற்றவரின் தட்டையும் குவளையையும் பிரித்து வைத்து அவரை ஒதுக்குவதற்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை.

மருத்துவர் எழுதிக் கொடுத்த புட்டி

ஈறு நோய்க்கோ, பல் பிடுங்கிய பின்னரோ மருத்துவர்கள் பரிந்துரைக்கும் குளோர்ஹெக்ஸிடின் கலந்த மவுத்வாஷ், இந்தியாவில் பெரும்பாலும் 0.2 சதவீத அளவில் கிடைக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டிய மருந்து இது. நீண்ட நாள் பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை படியும். சுவையுணர்வும் மாறக் கூடும். ஒருவருக்காக வாங்கிய புட்டி வீட்டின் பொதுப் பொருளாக மாறுவது, எச்சிலைக் காட்டிலும் இந்தக் காரணத்துக்காகவே தவிர்க்கப்பட வேண்டும்.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் உள்ளிட்ட நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குத் தனிப் புட்டி வைப்பதே பாதுகாப்பானது. திரவத்தை விழுங்கிவிடும் வாய்ப்பு இருப்பதால், பல் மருத்துவர் பரிந்துரைத்தாலன்றி 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மவுத்வாஷ் கொடுக்கக் கூடாது.

பகிரும்போது பின்பற்ற வேண்டியவை

* புட்டியில் வாய் வைக்காமல், ஒவ்வொருவரும் தமக்குரிய குவளையில் ஊற்றிப் பயன்படுத்த வேண்டும்.
* மூடியால் அளந்தால், அதை உதட்டில் வைக்காமல் குவளையில் ஊற்றிக்கொள்ள வேண்டும்.
* மீதமான திரவத்தைப் புட்டியில் திரும்ப ஊற்றாமல் கொட்டிவிட வேண்டும்.
* புட்டிக்குள் தண்ணீர் கலந்து வைக்கக் கூடாது.
* வாய்ப்புண், உதட்டுக் கொப்புளம், காய்ச்சல் உள்ளவர் குணமாகும் வரை தனிப் புட்டியைப் பயன்படுத்துவது நல்லது.
* காலாவதித் தேதி கடந்த புட்டியை அகற்றிவிட வேண்டும்.

பல் துலக்குவதற்கு மவுத்வாஷ் மாற்றாகாது. ஈறில் இரத்தக் கசிவோ, தொடர்ந்து வாய் துர்நாற்றமோ இருந்தால், வீட்டிலுள்ள மற்றவரின் புட்டியை நாடாமல் பல் மருத்துவரை அணுகுவதே உரிய வழியாகும்.